லில்லிப் பூ சீக்கிரம் வாடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பூக்கடைகளில் லில்லியம் என்று கேட்டால் கிடைக்கும் நீளக்காம்பு லில்லிகளுக்கான வழிமுறை இது. குளத்து அல்லிக்கோ காந்தளுக்கோ மழை லில்லிக்கோ இது பொருந்தாது. நீலகிரி, கொடைக்கானல், ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் வளர்ந்து, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் இறங்கும் ஏசியாட்டிக், ஓரியண்டல், எல்ஏ ரகங்களை மனதில் வைத்து எழுதியது. வாசனை இல்லாமல் மேல்நோக்கி விரிவது ஏசியாட்டிக். பெரிய பூவாக, அறை முழுக்க மணப்பது ஓரியண்டல். எல்ஏ பார்வைக்கு ஏசியாட்டிக் மாதிரியே இருக்கும், பூ சற்றுப் பெரிது.

ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும். விரிந்த ஒரு பூவின் ஆயுள் 4 முதல் 6 நாள். அதை எந்த மருந்து போட்டும் 10 நாள் ஆக்க முடியாது. ஒரு காம்பு 10, 12 நாள் அழகாக நிற்கிறதென்றால், கீழ்ப் பூ வாட வாட மேல் மொட்டு ஒவ்வொன்றாக விரிகிறது என்றுதான் பொருள். ஆகவே கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான வேலை விரிந்த பூவுக்கானது அல்ல, அடுத்த மொட்டுக்கானது.

வீட்டில் பூனை இருந்தால் மற்றதை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

பொக்கேயாக வந்திருந்தால் செலோபேன் தாள், ரிப்பன், அடியில் சுற்றிய ஈரப் பஞ்சு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஷோகேஸில் அப்படியே சாத்தி வைப்பதுதான் லில்லிக்கு நடக்கும் முதல் கெடுதல். பஞ்சு ஒரு ராத்திரிக்குள் காய்ந்துவிடும், தாளுக்குள் வியர்த்து இதழில் பூசணம் பிடிக்கும்.

கூரான கத்தியால் அடியில் 2 முதல் 3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். சாய்வு எதற்கென்றால், வெட்டுமுகம் சாடியின் அடியில் தட்டையாக உட்கார்ந்து அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு. மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை மட்டும் உருவுங்கள், மேலே உள்ளவை இருக்கட்டும். சாடியில் 10 முதல் 15 செ.மீ. தண்ணீர் போதும்.

கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. பித்தளை, செம்பு வேண்டாம். பூ வாடாமலிருக்கத் தண்ணீரில் கலக்கும் பூ உணவில் அமிலம் இருப்பதால் உலோகத்தோடு வினைபுரிந்து இரண்டும் கெடும்.

இதற்குப் பிறகும் கோளாறு இருந்தால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

## வாங்கி வந்த சில மணி நேரத்திலேயே தலை தொங்குகிறது

வெட்டிய வாயில் காற்று புகுந்து தண்ணீர் ஏறவில்லை. கடையில் தண்ணீரில்லாமல் கிடந்த பூவுக்கும், வெயிலில் வண்டியில் வந்த பூவுக்கும் இதுவே நேரும்.

1. அடியில் 3 செ.மீ. புதிதாக வெட்டுங்கள்.
2. தலை நிமிர்ந்து நிற்கும்படி காம்புகளைச் செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றுங்கள். இலைப்பகுதி மூடியிருக்க வேண்டும், பூ வெளியே இருக்கட்டும்.
3. 35 முதல் 40 டிகிரி, அதாவது கை பொறுக்கும் இளஞ்சூட்டில், வாளியில் 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள்.
4. காற்றோட்டம் குறைந்த, இருட்டான, குளுமையான மூலையில் 2 மணி நேரம் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் நிமிர்ந்தால் சாடிக்கு மாற்றலாம். நிமிரவில்லையா? காம்பை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் இன்னொரு முறை வெட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். கொழகொழவென்று அமுங்கினால் அழுகல் ஏறிவிட்டது. கெட்டியான இடம்வரை வெட்டிப் பூவைக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கிய அன்றே ஒரு கட்டில் பாதிக்கு மேல் இப்படி ஆனால் அது உங்கள் பராமரிப்புக் குறை இல்லை. கட்டைப் பிரித்த நிலையிலேயே படம் எடுத்துக் கடைக்காரரிடம் அன்றே சொல்லுங்கள். மறுநாள் போனால் யாரும் கேட்க மாட்டார்கள்.

## மொட்டு விரியவே இல்லை

### உச்சியில் உள்ள ஒன்றிரண்டு மட்டும் விரியவில்லை

இது கோளாறே இல்லை. நுனியில் விரல் நுனியளவு பச்சையாக இருக்கும் மொட்டு பெரும்பாலும் விரியாது. அதைக் கிள்ளிவிட்டால் காம்பில் இருக்கும் சர்க்கரை அடுத்த மொட்டுக்குப் போகும். காத்திருப்பதில் பயனில்லை.

### நடு மொட்டுகளும் நிறம் மாறாமல் நிற்கின்றன

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். பகலில் விளக்குப் போடாமல் புத்தகம் படிக்க முடிகிற இடமா? இல்லையென்றால் ஜன்னலருகே மாற்றுங்கள், நேர் வெயில் படாமல்.

அடுத்தது உணவு. வெறும் தண்ணீரில் பெரிய மொட்டு விரியும், சிறியது நின்றுவிடும், விரிந்தாலும் நிறம் வெளிறும். கடையில் கொடுக்கும் பூ உணவுப் பாக்கெட்டில் எத்தனை தண்ணீருக்கு என்று அச்சிட்டிருக்கும், அதே அளவில் கலக்குங்கள். ‘கொஞ்சம் போட்டால் போதும்’ என்று பாதிப் பாக்கெட் போடுவது வெறும் தண்ணீரை விட மோசம். சர்க்கரை கிருமிக்குத் தீனியாகும், கிருமிநாசினி அதைக் கொல்லுமளவுக்கு இருக்காது.

பாக்கெட் இல்லையென்றால் வீட்டிலேயே கலக்கலாம்: 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீர், தலைதட்டி 2 டீஸ்பூன் சர்க்கரை, சக்கையில்லாமல் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன், துணி வெளுக்கும் திரவம் 10 துளி. திரவத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். தண்ணீரில் சர்க்கரையும் சாறும் கரைந்தபின் கடைசியில் துளிகளை விடுங்கள். பிளீச்சிங் பவுடர் இதற்கு ஆகாது. சுண்ணாம்பு அடியில் தங்கும். சாடி கழுவ வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரின் மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சாடியில் காசு போடுவதால் காசு ஈரமாவதைத் தவிர வேறு பயன் இல்லை. எலுமிச்சை சோடா வகைப் பானத்தில் சர்க்கரையும் அமிலமும் உண்டு, கிருமிநாசினி கிடையாது. இரண்டாம் நாளே தண்ணீர் வழவழக்கும்.

### எல்லா மொட்டும் கல் மாதிரி பச்சையாக இருக்கின்றன

பச்சையிலேயே அறுத்துவிட்டார்கள். காம்பில் 5க்குக் குறைவாக மொட்டு இருந்தால் குறைந்தது ஒன்று, 5 முதல் 10 இருந்தால் இரண்டு, அதற்கு மேல் போனால் மூன்று மொட்டுகளில் நிறம் தெரிந்த பிறகே அறுக்க வேண்டும் என்பது வணிகத்தில் பழகிய அளவு. நிறமே தெரியாத கட்டை வாங்காதீர்கள். அதில் பாதி விரியாமலே போகும். வாங்கியாகிவிட்டதென்றால் மேலே சொன்ன உணவுதான் ஒரே முயற்சி.

### விசேஷ நாளுக்குள் விரிய வேண்டும்

ஏசியாட்டிக்கை 2 நாள் முன்பும் ஓரியண்டலை 3, 4 நாள் முன்பும் எடுத்துவிடுங்கள். பிந்திவிட்டால் புதிதாக வெட்டி 40 டிகிரித் தண்ணீரில், பூ உணவோடு, வெளிச்சமான அறையில் ஏசி இல்லாமல் வையுங்கள். சமவெளியில் சாதாரண அறைச் சூடே போதும், ஹீட்டர் எதுவும் தேவையில்லை.

முந்திவிட்டால் 2 முதல் 5 டிகிரிக் குளிரில் தண்ணீரோடு நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜில் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. பின்சுவரில் பட்டால் இதழ் உறைந்து கண்ணாடியாகிவிடும். பழம் இருக்கும் ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

கையால் இதழைப் பிரித்து விரிய வைப்பது மேடை வேலையில் சகஜம். மொட்டு முழுக்க நிறம் ஏறி, நுனி தானாகப் பிரிந்திருந்தால் தப்பிக்கும். அதற்கு முன் தொட்டால் சாயங்காலத்துக்குள் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடாகத் தெரியும்.

## விரிந்த பூ இரண்டே நாளில் துவண்டுவிட்டது

பத்துக்கு எட்டு முறை சூடுதான் காரணம். 18 முதல் 22 டிகிரி லில்லிக்கு உகந்தது. சென்னை மே மாதத்தில் அறையே 34ஐத் தொடும்போது பூவைக் குறை சொல்லிப் பயனில்லை. சாடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் மேலா, டிவி பின்னாலா, மேற்கு ஜன்னலிலா, நேர் ஃபேனுக்குக் கீழா, ஏசி காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலா? ஏசி அறை நல்லது, ஏசியின் நேர்க்காற்று கெட்டது. ராத்திரி மட்டும் வீட்டிலேயே குளுமையான இடத்துக்கு, பெரும்பாலும் அது குளியலறைத் தரையாக இருக்கும், நகர்த்தி வைத்தாலே ஒரு நாள் கூடும்.

இடம் சரியாக இருந்தும் துவள்கிறதா? தண்ணீரைப் பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் காம்பு குடிக்காது. சாடியில் மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு மறுநாள் பாருங்கள். கொஞ்சமும் இறங்கவில்லையென்றால் உறிஞ்சவில்லை. டிடிஎஸ் மீட்டர் இருந்தால் 500க்கு மேல் காட்டும் தண்ணீரை விட்டுவிட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு வைத்துக் கடினநீரை மென்மையாக்கும் கருவி வழியாக வரும் தண்ணீர் வேண்டாம், அதில் சோடியம் ஏறியிருக்கும்.

இரண்டும் சரி என்றால் அந்தப் பூ நீங்கள் வாங்கும்போதே விரிந்து மூன்று நாள் ஆனதாக இருக்கலாம். மகரந்தம் கொட்டித் தூளாகி, இதழ் ஓரம் லேசாக ஒளி ஊடுருவும்படி இருந்தால் அது பழைய பூ. வாடியதை அதன் சிறுகாம்போடு கிள்ளி எடுங்கள்.

பூக்கடையில் மல்லிகைக்குத் தெளிப்பதுபோல் லில்லிக்கும் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உண்டு. லில்லி இதழுக்கு அது ஆகாது. ஏன் என்பது இரண்டு தலைப்புக்குக் கீழே.

## தண்ணீர் கலங்கி நாறுகிறது, காம்பு வழவழக்கிறது

கிருமி. தண்ணீருக்குள் முங்கிய இலை, கழுவாத சாடி, நாள்பட்ட தண்ணீர் என்ற வரிசையில் பாருங்கள். தண்ணீரை மட்டும் மாற்றினால் மறுநாளே திரும்ப வரும், ஏனென்றால் வழவழப்பு சாடிச் சுவரிலும் காம்பிலும் இருக்கிறது. சாடியைப் பாத்திர சோப்பு போட்டு, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளுக்கும் திரவம் ஒரு மூடி கலந்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். காம்புகளைக் குழாயில் பிடித்து விரலால் வழித்துக் கழுவி, வழவழப்பு ஏறிய பகுதிக்கு மேலே வெட்டுங்கள். அதன்பின் வெறும் தண்ணீரானால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்றி, மாற்றும்போதெல்லாம் 1 செ.மீ. வெட்டுங்கள். பூ உணவு கலந்ததானால் தெளிவாக இருக்கும்வரை மாற்ற வேண்டாம். குறைந்தால் அதே கலவையை ஊற்றுங்கள், வெறும் தண்ணீரை அல்ல.

## இதழில் பழுப்புப் புள்ளி, நீர் கோத்த திட்டு

குண்டூசி முனையளவு புள்ளி ஓரிரு நாளில் பரவி, நடுவில் சாம்பல் நிறமானால் அது பூசணம், போட்ரைட்டிஸ். மலையில் மழை, பனிக் காலத்தில் அறுத்த பூவிலும், குளிரில் இருந்து சூட்டுக்கு வந்து பெட்டிக்குள் வியர்த்த பூவிலும் அதிகம். இதழில் சில மணி நேரம் ஈரம் நின்றாலே முளைத்துவிடும். தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

புள்ளி விழுந்த இதழ் திரும்பச் சரியாகாது. பாதித்த பூவைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மிச்சக் காம்புகளை நெருக்கம் குறைத்து, காற்றோடும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் இதற்கு மருந்து தெளிப்பது வீண்.

புள்ளி இல்லாமல் இதழ் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் உறைந்த பூ. விரிந்த ஒரே பூ மட்டும் ஐந்தாம் நாள் அப்படி ஆனால் அது வெறும் முதுமை.

பசுமைக்குடிலில் வளர்ப்பவருக்கு நிலைமை வேறு. மொட்டிலேயே புள்ளி, இலையில் நீள்வட்டத் திட்டு என்று வந்தால் காலையில் சீக்கிரமே பக்கத் திரையைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள், மேலிருந்து நீர் தெளிப்பதை நிறுத்திச் சொட்டுநீருக்கு மாறுங்கள். இரண்டு நாளில் அடங்கவில்லையென்றால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு மாதிரியோடு போங்கள். ஒரே பூசணக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிவிடும், எதை எதோடு மாற்றுவது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

## இலை மஞ்சளாகிறது, பூ நன்றாகத்தான் இருக்கிறது

கீழ் இலை மட்டும் என்றால் பறித்துவிட்டு மறந்துவிடுங்கள். கீழிருந்து மேலாக வேகமாக ஏறினால் மூன்று காரணம்: இருட்டு, சர்க்கரை அதிகமான கலவை, அல்லது குளிர்கிடங்கில் நாள்கணக்காகக் கிடந்தது. முதலிரண்டை நீங்கள் திருத்தலாம். மூன்றாவதைத் திருத்த முடியாது. குளிரில் கிடந்தால் இலையைப் பச்சையாக வைத்திருக்கும் ஜிப்ரலின் என்ற தாவர ஹார்மோன் குறைந்துவிடும். அறுத்த உடனே ஜிப்ரலினும் சைட்டோகைனின் என்ற இன்னொரு தாவர ஹார்மோனும் சேர்ந்த கரைசலில் காம்பை நிறுத்துவது விளைவிப்பவர் செய்ய வேண்டிய வேலை, வீட்டுக்கு வந்தபின் பெரிதாகப் பலிக்காது. மொத்தமாக வாங்குபவர்கள் இந்த நேர்த்தி செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

## மொட்டு காய்ந்து உதிர்கிறது

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாழைத்தார், மாம்பழத் தட்டு, சாம்பிராணிப் புகை, வண்டிப் புகை எல்லாவற்றிலும் காயைப் பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு உண்டு. விரிந்த லில்லியை அது அவ்வளவாகப் பாதிக்காது, மொட்டைப் பாதிக்கும், அதிலும் ஏசியாட்டிக்கை. பூஜை அறையில் வைத்தால் பழத்தட்டையும் தூபத்தையும் தள்ளி வையுங்கள். வாடிய பூவும் எத்திலீன் விடும், அன்றன்றே கிள்ளுங்கள். பக்கத்தில் எதுவும் இல்லையென்றால் வெளிச்சக் குறைவும் உணவின்மையுமே காரணம்.

## மகரந்தம் கொட்டிக் கறையாகிவிட்டது

பூ லேசாக வாய் திறந்ததும் உள்ளே ஆறு மகரந்தப்பைகள் தெரியும். அப்போது அவை வழுவழுப்பாக, மூடி இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் சுத்தமாகக் கழன்று வரும். சில மணி நேரம் கழித்து வெடித்து, வெல்வெட் மாதிரி பூத்த செம்பழுப்புத் தூள் ஆகிவிட்டால் தொட்டதெல்லாம் கறை. காலை, மாலை ஒரு சுற்றுப் பார்த்து எடுத்துவிடுங்கள். வரவேற்பு மேடையில் இந்த வேலையைத் தவறவிட்டால் பதில் சொல்ல வேண்டியது பட்டுப்புடவைகளுக்கு.

கறை விழுந்துவிட்டதா? கை வைக்காதீர்கள், தண்ணீர் படக் கூடாது, தேய்க்கவே கூடாது. தூளில் எண்ணெய்ப்பசை உண்டு, ஈரம் பட்டால் நூலுக்குள் இறங்கிவிடும். துணியைத் தலைகீழாக உதறுங்கள். மிச்சத்தைச் செலோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுங்கள், ஒவ்வொரு ஒற்றலுக்கும் புது டேப். வெள்ளைப் பருத்தித் துணியானால் சில மணி நேரம் வெயிலில் போட்டால் மங்கும். பட்டு, ஜரிகை என்றால் டேப்போடு நிறுத்திவிட்டு, இன்ன கறை என்று சொல்லி டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள்.

## பூ ஸ்பாஞ்சில் குத்தியவை மட்டும் வாடுகின்றன

பச்சை ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அமுக்கி நனைத்திருப்பார்கள். வெளியே ஈரம், உள்ளே காய்ந்த காற்றறை. ஒன்றை நடுவில் வெட்டிப் பார்த்தால் வெளிர்நிறத் திட்டாகத் தெரியும். அகலமான டப்பில், பூ உணவு கலந்த தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கும்வரை கை வைக்காதீர்கள், ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகும். செங்கல் அளவுத் துண்டு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும். ஒருமுறை காய்ந்த ஸ்பாஞ்ச் மறுபடி சரியாக நனையாது, புதிது வாங்குங்கள்.

காம்பைக் குத்தியபின் இடம் மாற்ற இழுத்தால் அடியில் வெற்றிடம் விழும். முழுக்க உருவி, புது இடத்தில் 4, 5 செ.மீ. ஆழம் குத்துங்கள். ஃபோகஸ் லைட்டின் நேர் எதிரே லில்லி வேண்டாம். காலை முகூர்த்தத்துக்கும் அதே அலங்காரம் நிற்க வேண்டுமென்றால் ராத்திரி விளக்கணைத்தபின் ஒவ்வொரு ஸ்பாஞ்சுக்கும் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

## தொட்டியில் வளரும் லில்லி

மொட்டு வரும்வரை காலை வெயில், முதல் பூ விரிந்ததும் நிழல். இந்த ஒரு மாற்றமே சில நாள் கூட்டும். மண் ஓர் அங்குல ஆழத்தில் காய்ந்ததும் தண்ணீர், தட்டில் தேங்கவிடாமல். வாடிய பூவைக் கிள்ளலாம், தண்டையும் இலையையும் வெட்டக் கூடாது, கிழங்குக்குச் சோறு போடுவது அவைதான். சமவெளியில் மறுவருடம் பூக்காததற்குக் காரணம் குளிர் இல்லாமை. கிழங்கை ஈரமான தேங்காய்நார்க் கழிவில் புதைத்து, பழமில்லாத ஃபிரிட்ஜில் 6 முதல் 8 வாரம் வைத்து நட்டுப் பார்க்கலாம். பூக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

## பூனை கடித்துவிட்டது

இதில் வீட்டுச் சோதனை எதுவும் கிடையாது. இதழ், இலை, மகரந்தத் தூள், சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். உரோமத்தில் ஒட்டிய தூளை நக்கினாலே போதும். முதல் சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில், சோர்வு வரும், பிறகு தெளிந்ததுபோல் தோன்றும், 1 முதல் 3 நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். தெளிந்ததை நம்பிக் காத்திருந்து பூனையை இழப்பவர்கள்தான் அதிகம்.

வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், பால் ஊற்றாதீர்கள். உரோமத்தில் தூள் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடித்த பூவின் துண்டையோ படத்தையோ எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு, மற்ற ஊர்களில் அருகிலுள்ள செல்லப்பிராணி மருத்துவமனை. முதல் 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழி திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாய்க்கு வயிற்றுக் கோளாறோடு பெரும்பாலும் போய்விடும், சிறுநீரகத்தைத் தொடாது. பூனை வளரும் வீட்டுக்குப் பொக்கே அனுப்புவதானால் லில்லி இல்லாமல் கட்டச் சொல்லுங்கள், ஜெர்பராவும் ரோஜாவும் இருக்கின்றன.